ஒன்பதாம் விதியும் சென்ஸியும்

ஹின்டர்யோக், டிரோல்
மார்ச் 11, செவ்வாய்க்கிழமை

வியன்னாவில் வான் போக்குவரத்து அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் ரோமெட் அவர்களுக்கு, தங்கள் தங்கை பூர்கியின் கணவன் காசியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். தங்கள் நலமும், ஹெட்விக் அக்காவின் நலமும், அறுவை செய்த முழங்காலின் நலமும் அறிய ஆவல். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய புகைபோட்ட பன்றி இறைச்சி வந்து சேர்ந்ததா இல்லையா என்று இதுவரை பதில் இல்லை. பிடித்திருந்ததால்தான் எழுத நேரமில்லாமல் போயிற்று என்று எடுத்துக்கொண்டேன்.

நிற்க. இந்தக் கடிதத்தை நான் எழுதுவது சொந்த விருப்பு வெறுப்பால் அல்ல, பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு மட்டுமே. பின்னால் படிக்கும்போது வேறு மாதிரி தோன்றினால், திரும்ப வந்து இந்த வரியைப் படித்துக்கொள்ளவும்.

எங்கள் பனிச்சறுக்கு மலையில் ட்ரோன் பறக்கவிட எட்டு விதிகள் உண்டு. கேபிள் கார் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் ஒட்டியிருக்கிறது. விருந்தாளிகள் யாரும் பறக்கவிடக் கூடாது. தொழிலுக்காகப் பறக்கவிடுகிறவன் உங்கள் அலுவலகச் சான்றிதழ், காப்பீடு, எங்கள் கேபிள் கார் கம்பெனி இயக்குநர் ஹில்டெகுண்ட் அம்மாவின் எழுத்துமூல அனுமதி மூன்றும் வைத்திருக்க வேண்டும். லிஃப்ட் கம்பிக்கு மேலே போகக் கூடாது, சறுக்குகிறவர்கள் தலைக்கு மேலே போகக் கூடாது, மீட்பு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் அந்தக் கணமே இறக்கிவிட வேண்டும், இப்படிப் போகும் பட்டியல். கடைசியான எட்டாவதுதான் உயிர்நாடி. தினமும் காலையில் மலை மீட்புப் படைத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைக்குப் பறக்கலாம். அந்தத் தலைவர் பதினான்கு வருடமாக நான்தான் என்பது தாங்கள் அறிந்ததே. பதினான்கு வருடத்தில் அந்தக் கையெழுத்தை ஒருவரும் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் கம்பெனி ட்ரோன் வைத்து விளம்பரப் படம் எடுக்க ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தது. பெயர் யெல்லே. ஹாலந்துக்காரன், கடல் மட்டத்துக்குக் கீழே பிறந்தவன், அவன் ஊரில் மேடு என்றால் அது பாலம்தான். வயது முப்பத்தாறு, உயரம் ஆறரை அடி. காலை ஏழரை மணிக்கே சிரித்த முகமாக இருப்பான், அதை எப்படிச் செய்கிறான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் மந்திரியானாலும் மாட்டுக்காரனானாலும் எல்லோரும் ‘நீ’தான் என்பது நம் மலை வழக்கம், நானே இயக்குநர் அம்மாவை மேல் நிலையத்தில் நீ என்றும் கீழே அலுவலகத்தில் நீங்கள் என்றும்தான் கூப்பிடுகிறேன். இவனோ மலைமேல் கற்றுக்கொண்ட ‘என்னப்பா காசியன்’ஐ அப்படியே கீழே கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாதிரியார் முன்னாலேயே கூப்பிட்டான். அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது சென்ஸி விஷயம்.

சென்ஸியைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். தங்கள் பச்சைத் தொப்பியைத் தின்றவள். ஏழு குளிர்காலமாக என் பனிச்சரிவு நாய். எட்டு வாரக் குட்டியாக என் சட்டைக்குள் போட்டுக் கேபிள் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு மீட்டர் பனிக்குக் கீழே ஆள் கிடந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு பிரெஞ்சுக்காரரை உயிரோடு எடுத்தோம், அவர் இன்னும் அவளுக்குத்தான் வாழ்த்து அட்டை அனுப்புகிறார், எனக்கு இல்லை. ஏழு வருடமும் மேல் நிலைய வாசலில் என் இடது பூட்ஸ் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தாள். அந்தக் கால் மட்டும் குளிர்காலத்தில் விறைத்ததே இல்லை. இப்போது விறைக்கிறது மச்சான்.

நடந்தது இதுதான். முதல் நாள் அந்த இயந்திரம் தேனீக்கூட்டம் மாதிரி கிளம்பியதும் சென்ஸி எழுந்து நின்று குரைத்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உடனே இந்த யெல்லே சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு சீஸை எடுத்து நீட்டினான். சீஸ் என்றால் நம் ஊர் சாம்பல் நிறச் சீஸ் இல்லை, மஞ்சளாக, மெழுகு உறை போட்ட அவன் ஊர்ச் சீஸ். அவளும் வாங்கித் தின்றாள். தின்றுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாள். அன்று முதல் காலையில் கேபிள் கார்க் கதவு திறந்ததும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் நிற்கும் மேட்டுக்கு ஓடிவிடுகிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் பூட்ஸை ஒரு தரம் கடமைக்கு மோந்து பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் மேல் சீஸ் வாடை அடிக்கும். பூர்கி முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாடையும் இல்லை என்றாள், எனக்கு அடித்தது.

விதி இருக்கும்போது எதற்குக் கவலை என்று நான் எட்டாம் விதியைக் கையில் எடுத்தேன். ஒரு திங்கட்கிழமை ‘பலத்த காற்று’ என்று எழுதி அனுமதி மறுத்தேன். இயக்குநர் அம்மா படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

“காசியன், அந்தச் சத்திரத்துப் புகைபோக்கியைப் பாரு.”

“பார்த்தேன்.”

“புகை நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்குது. எங்க காத்து?”

“மேல இருக்கு. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், இருபது வருஷ அனுபவம்.”

“அப்போ லிஃப்டையும் நிறுத்தவா?”

லிஃப்டை நிறுத்தினால் ஊரே என்னைக் கல்லால் அடிக்கும் என்பதால் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை ‘ஹெலிகாப்டர் வர வாய்ப்பு’ என்று எழுதினேன்; எதற்கு வரும் என்று கேட்டார்; யாராவது காலை முறித்துக்கொள்ளலாம் என்றேன்; உன் காலைத்தான் முறிக்கணும் என்றார். புதன்கிழமை ‘மலையாடுகளின் குளிர்கால ஓய்வுக்கு இடையூறு’ என்று எழுதினேன். நம் பக்கத்து மலையாடுகள் சத்திரத்து மொட்டை மாடியில் பாட்டுப் பெட்டி அலறும்போதே அசையாமல் அசைபோட்டுக்கொண்டிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். யெல்லே மட்டும் ஒரு நாளும் கோபப்படவில்லை. “சரிப்பா, நாளைக்குப் பார்ப்போம்” என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். சென்ஸியும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பறந்தாலும் அவள் அங்கே, பறக்காவிட்டாலும் அவள் அங்கே. பிறகு நான் எதற்காக மறுக்கிறேன் என்று எனக்கே புரியாமல் போயிற்று.

அதனால் பிப்ரவரி கடைசி ஞாயிறு நடந்த ஒத்திகையில் இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று நினைத்தேன். விருந்தாளிகள் இருநூறு பேர் முன்னால், பனிக்குள் ஒரு ஆளைக் குழியில் மூடிவைத்து நாயை விட்டுத் தேடவைப்போம். வழக்கமாக ஊர்க் கறிக்கடைக்காரரைத்தான் புதைப்பது, அவர் வாசனைக்கு எந்த நாயும் தவறாது. இந்த வருடம் என்னைப் புதையுங்கள் என்றேன். தானே ஒளிந்துகொண்டு நாயைத் தேடவிடுவது குட்டி நாய்க்குச் சொல்லித்தரும் முதல் பாடம், ஆறு மாதக் குட்டிகூட எஜமானனை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். யாருடைய நாய் என்று ஊரும் பார்க்கட்டும், ஹாலந்தும் பார்க்கட்டும் என்பது என் எண்ணம். உள்ளே படுத்தேன், மேலே பனிக்கட்டி வைத்து மூடினார்கள், கையில் வாக்கி டாக்கி இருந்தது. வெளியே இயக்குநர் அம்மா.

“காசியன், அவுத்து விட்டாச்சு. நேரா ஓடுறா.”

“தெரியும். என் மேலதான் வர்றா.”

“இப்போ கொஞ்சம் இடது பக்கமாப் போறா.”

“மோப்பம் பிடிக்க அப்படித்தான் சுத்துவா. நீ சும்மா இரு.”

“நின்னுட்டா. குரைக்கிறா. ரெண்டு காலாலயும் தோண்டுறா.”

“எங்க தோண்டுறா? எனக்குச் சத்தமே கேக்கலையே.”

இருநூறு பேர் சிரிக்கிற சத்தம் மட்டும் ஒரு மீட்டர் பனியைத் தாண்டிக் கேட்டது. சென்ஸி தோண்டியது யெல்லேயின் காலடியில். புதையாமல், மூடாமல், பட்டப்பகலில், ஆறரை அடி உயரத்துக்கு நட்டமாக நின்றுகொண்டிருந்த மனிதனை என் நாய் பனிச்சரிவிலிருந்து மீட்டிருக்கிறாள். கடைசியில் என்னைத் தோண்டி எடுத்தவனும் அவன்தான். பனிக்கட்டியை நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்து, “என்னப்பா காசியன், உள்ள குளிரா?” என்றான். குளிர் வெளியில்தான் இருந்தது. சென்ஸி வந்து என் மூக்கை ஒரு தரம் நக்கினாள், பிறகு அவன் பையைப் பார்த்தாள்.

இதற்குப் பிறகும் ஒரு மனிதன் சும்மா இருப்பானா. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒன்பதாம் விதியை எழுதினேன். தங்கள் பார்வைக்கு அப்படியே தருகிறேன்: ‘ஒவ்வொரு முறை ட்ரோன் பறக்கும்போதும், மீட்புப் படைப் பட்டியலில் பெயருள்ள, செல்லத்தக்க சான்றிதழும் சீசன் பாஸும் உடைய, ஆரஞ்சு மேலங்கி அணிந்த உறுப்பினர் ஒருவர், இயக்குபவரின் பக்கத்திலேயே இருந்து, வேறு எதிலும் கவனம் செலுத்தாமல் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.’ படையில் நாங்கள் நாலு பேர். யாருக்கு எங்கே வேலை என்று போடுகிறவன் நான். என்னையும் சேர்த்து நாலு பேரையும் மலையின் நாலு மூலைக்குப் பிரித்துவிட்டால், பக்கத்தில் நிற்க ஆள் இருக்காது; ஆள் இல்லாவிட்டால் ட்ரோன் இல்லை; ட்ரோன் இல்லாவிட்டால் ஹாலந்துக்காரன் இல்லை. இயக்குநர் அம்மா படித்துப் பார்த்துவிட்டு நல்ல விதி, பாதுகாப்பான விதி என்று உடனே முத்திரை குத்தினார். அவ்வளவு சீக்கிரம் குத்தியபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மற்ற மூவரையும் மூன்று மூலைக்கு அனுப்பிவிட்டு, என் மூலைக்குக் கிளம்பும்போது பார்த்தால், இயக்குநர் அம்மாவும் யெல்லேயும் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“இதுல அஞ்சு பேர் இருக்கு காசியன்.”

“நாலு.”

“அஞ்சாவது பேரைப் படி.”

படித்தேன். சென்ஸி. என் கையெழுத்து. பாஸ் இல்லாமல் யாரையும் கேபிள் காரில் ஏற்ற முடியாது என்று டிக்கெட் ஜன்னலில் அடம்பிடித்த காலத்தில், நானே அவளைப் படைப் பட்டியலில் எழுதி, புகைப்படம் எடுத்து சீசன் பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒரு காது படத்துக்கு வெளியே இருக்கும்.

“பாஸ் இருக்கு. சான்றிதழ் இருக்கா?” என்றார் இயக்குநர் அம்மா.

“இருக்கு” என்றான் யெல்லே. “டிசம்பர்லதான் புதுப்பிச்சிருக்கு. காசியனோடது அக்டோபர்.”

“மேலங்கி?”

“போட்டிருக்கா.”

“வானத்தைப் பார்க்கிறாளா?”

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அவள் மேட்டில் உட்கார்ந்து வானத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

“பனிச்சரிவு வந்தா நான் என்ன செய்றது?” என்றேன்.

“விசில் அடி. மேல் நிலையத்துலேர்ந்து முன்னூறு மீட்டர்தானே. வேணும்னா உன்னை மறுபடி புதைச்சு ஒத்திகை பார்த்துக்கலாம்” என்றார் இயக்குநர் அம்மா.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன் மச்சான். இத்தனை நாள் அவள் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை அவன் பக்கத்தில் இருப்பது அவளுடைய உத்தியோகம், உத்தரவில் என் கையெழுத்து. தினமும் காலையில் ‘உடன் இருக்கும் உறுப்பினர்’ என்ற கட்டத்தில் நானே அவள் பெயரை எழுதுகிறேன். பேனா நகரமாட்டேன் என்கிறது.

சத்திரத்தில் ஊர்க்காரர்களுக்கென்றே ஒதுக்கிய மேஜையில் உட்கார எனக்குப் பதினோரு வருடம் ஆயிற்று என்பது தங்களுக்குத் தெரியும். அவனுக்கு இரண்டு மாதத்தில் நாற்காலி போட்டுவிட்டார்கள். அதுவும் என் பக்கத்தில். கறிக்கடைக்காரர், “என்ன காசியன், உன் ஆளு இன்னைக்கு யார்கூட உக்காந்திருந்தா?” என்று கேட்கிறார். மேஜையே குலுங்குகிறது. வீட்டுக்கு வந்து பூர்கியிடம் சொன்னால் அங்கே அதைவிட மோசம்.

“நாய்க்காக மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற மனுசனை இந்தப் பள்ளத்தாக்குலயே நான் பார்த்ததில்ல.”

“இது பாதுகாப்பு விஷயம் பூர்கி.”

“அந்த ஆளு என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தாக்கூட நீ எங்க அண்ணனுக்கு இவ்வளவு பெரிய கடுதாசி எழுதியிருக்கமாட்டே.”

எழுதியிருப்பேன் என்று சொன்னேன். எத்தனை பக்கம் என்று கேட்டாள். நான் கொஞ்சம் யோசித்தது தவறு. இரண்டு நாளாக எனக்குச் சூப் ஆறித்தான் வருகிறது.

தங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. முதலில் எழுதிய வரியைத் திரும்பப் படிக்க வேண்டாம். பொறாமைதான். அடிவயிற்றிலிருந்து எரிகிற பொறாமை. அவனுடைய உயரத்தில் பொறாமை, சிரிப்பில் பொறாமை, சட்டைப்பையில் பொறாமை. ஏழு வருடம் பனியிலும் காற்றிலும் நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒரு துண்டு மஞ்சள் சீஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று நினைக்கும்போது எனக்கு அழுகை வருகிறது, மேல் நிலையத்தில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே காப்பி குடிக்கிறேன்.

ஆகவே மச்சான் அவர்கள் தயவுசெய்து தங்கள் அலுவலகத்தில் பார்க்க வேண்டியது: ஆறடிக்கு மேல் உயரமுள்ளவர்கள் ட்ரோன் இயக்கத் தடை ஏதும் உண்டா, பணியில் இருக்கும் உறுப்பினருக்குத் தின்பண்டம் கொடுப்பது லஞ்சத்தில் சேருமா, கடல் மட்டத்துக்குக் கீழே எழுதிய தேர்வு இரண்டாயிரம் மீட்டரில் செல்லுமா. இதில் ஒன்று இருந்தாலும் போதும், ஏப்ரல் கடைசி வரை உள்ள அவனுடைய அனுமதியை ரத்துசெய்து ஒரு முத்திரை குத்தி அனுப்பிவிடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் முத்திரையை மட்டுமாவது குத்தி அனுப்புங்கள், மேலே நான் எழுதிக்கொள்கிறேன்.

ஹெட்விக் அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் முழங்கால் ஈஸ்டருக்குள் பழையபடி மடங்கி நிமிரவும், தங்கள் வீட்டில் பாலும் ரொட்டியும் குறையாதிருக்கவும், ஊர்க் கோயில் புனிதர் அருள் தங்கள் மாடிப்படி வரை வந்து சேரவும் வேண்டிக்கொண்டு,

தங்கள் அன்பு மறவாத,
காசியன்

பி.கு. (வெள்ளிக்கிழமை). தபால்தலை தேடி இரண்டு நாள் போயிற்று, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புதன்கிழமை இயக்குநர் அம்மா என் மறுப்புப் படிவங்களை ஒரு கட்டாக மேஜைமேல் போட்டு, “படம் முக்கால்வாசி ஆச்சு, இதைப் படிச்சுப் படிச்சு எனக்குத் தலைவலி, அவனை இப்பவே அனுப்பிடுறேன், நீ சந்தோஷமா இரு” என்றார். நேற்று வியாழன் காலை பஸ்ஸுக்கு நானே போய்க் கைகுலுக்கினேன், ஜெயித்தவனுக்கு அழகு என்று ஒரு துண்டு இறைச்சியும் கொடுத்தேன். பஸ் ஏறும்போது அவன் சொன்னான்: “சீஸ் முதல் வாரத்தோட நிறுத்திட்டேன்பா. நீ முறைச்சே, அதான்.” அப்புறம் எதுக்கு அவ உன்கிட்ட வந்தா என்று கேட்டேன். “என்கிட்ட எங்க வந்தா? ட்ரோன் மேல போறதைப் பார்க்க வந்தா. அவளுக்கு அது பிடிச்சுப்போச்சு.”

சென்ஸி நேற்றும் இன்றும் அந்த மேட்டில் தனியாக உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள். காக்கை பறந்தால் எழுந்து நிற்கிறாள், அது காக்கை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொள்கிறாள். கூப்பிட்டால் வருகிறாள், என் பூட்ஸ் மேல் தலையையும் வைக்கிறாள், ஆனால் கண் மேலே இருக்கிறது. நான்கூட இன்று மத்தியானம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அங்கே ஒன்றும் இல்லை. மச்சான், மேலே எழுதிய ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஒரு பனிச்சறுக்கு மலையில் தினமும் ஒரு ட்ரோனாவது கட்டாயம் பறந்தே ஆகவேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் ஏதாவது விதி இருக்கிறதா? இல்லாவிட்டால் ஒன்று எழுதுங்கள். முழங்கால் வலித்தாலும் திங்கட்கிழமையே எழுதுங்கள். நேற்றுக் காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை.